தேயிலைக்குள் இருக்கும் கல்

கொழுந்து விரலுக்கு மெத்தென்று இருக்கும். அதே செடியில் கீழே இருக்கும் முற்றிய இலையோ மடக்கினால் சடக்கென்று முறியும். காரணம் இலைக்குள் இருக்கிறது.

முற்றல் இலையைச் சவர அலகால் குறுக்கே மெல்லியதாகச் சீவி, இலிக்னின் என்ற மரத்தன்மை தரும் பொருளைச் சிவப்பாக்கும் புளோரோகுளுசினோலும் ஐதரோகுளோரிக் அமிலமும் விட்டு நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பச்சைக்கு நடுவே சிவந்த, கிளைவிட்ட உருவங்கள் தெரியும். சுவர் தடித்து, இலிக்னின் ஏறி, உயிர் போன கலங்கள் அவை. கற்கலங்கள் என்று சொல்லலாம். சில, மேல்தோலில் இருந்து கீழ்த்தோல் வரை பந்தற்கால் மாதிரி நிற்கும். இளங்கொழுந்தில் இவை மிகக் குறைவு. இலை முற்ற முற்றத்தான் உருவாகின்றன. 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று பறிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எல்லாத் தேயிலையும் ஒன்றுதானா? சீன வகையின் இலை சிறியது, தடித்தது. மேற்றோலுக்குக் கீழே ஒளியைப் பிடிக்கும் நீள்கலங்கள் பெரும்பாலும் இரண்டு வரிசை. அசாம் வகையில் இலை பெரியது, மெல்லியது. அநேகமாக ஒரே வரிசை. இரண்டும் எளிதில் கலக்கும் என்பதால், விதையில் வளர்ந்த பழைய தேயிலை மலைகளில் பக்கத்துப் பக்கத்துச் செடிகள்கூட வேறுபடும். வெட்டுத்துண்டில் வளர்த்த, 'வீ.பி.' எனப்படும் மலையில் இந்தக் குழப்பம் இல்லை. இலைவாய்கள் மட்டும் எந்த வகையிலும் இலையின் அடிப்பக்கத்தில்தான்.

தண்டு இவ்வளவு பேசாது. கவ்வாத்து வெட்டிய கிளையைச் சீவினால் நீர் கடத்தும் காழ்க்குழாய்களின் முனைச் சுவர் ஏணிப்படி போலத் துளையிட்டிருக்கும். நம் ஈரமலைக் காடுகளில் வெள்ளைப் பூ பூக்கும் கோர்டோனியா மரத்திலும் அதே ஏணி உண்டு. அதுவும் தேயிலைக் குடும்பம்தான். ஆனால் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை.

தேயிலைத்தூளில் வேறு இலை கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் இந்தக் கற்கலங்கள் உதவும். வாட்டி, உருட்டி, நொறுக்கி, அடுப்பில் காயவைத்தாலும் அவை அழிவதில்லை. ஆனால் ஒருமுறை சாயம் ஊற்றிக் குடித்த தூளைக் காயவைத்து நிறமேற்றி விற்றால், கற்கலங்கள் அப்படியே இருக்கும். அந்தக் கலப்படத்தை நுணுக்குக்காட்டி காட்டிக்கொடுக்காது. தூளில் நீரில் கரையும் பொருள் எவ்வளவு மிச்சம் என்று அளந்தால்தான் பிடிபடும்.