நாய்க்குக் கட்டணம் வாங்குங்கள், தடுப்பூசிப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கோவையில் எங்கள் கிளினிக்குக்கு வழக்கமாக ஒரு கேள்வி வரும். "நாயையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறோம் டாக்டர், என்ன ஊசி போடணும்?" இந்த முறை ஒரு அம்மா வேறு மாதிரி கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், டென்ட்டுக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. சரி, குடுத்துடறோம். நாய்க்குத் தனியா ராத்திரிக்கு எண்ணூறு ரூபா கேக்கறாங்க. அது தரையிலதானே படுக்கப் போவுது? இது நியாயமுங்களா?"

"தடுப்பூசிப் புக்கு கேட்டாங்களாம்மா?"

"இல்லீங்களே. ஜிபேயில காசு போட்டாப் போதும்னாங்க."

அந்தப் பதிலைக் கேட்டதும்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வால்பாறை, கொடைக்கானல், கொழுக்குமலை, வாகமண் என்று டென்ட் போட்டுத் தங்கும் இடங்கள் பெருகிவிட்டன. நாயோடு வரலாம் என்று விளம்பரமும் செய்கிறார்கள். நாய்க்குத் தனிக் கட்டணம் வாங்குவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காசுக்கு கேம்ப்காரர் என்ன வேலை செய்கிறார் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு லேப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்து, அதில் கடுகு தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். முன்னங்கால் விரல்களுக்கு நடுவே துவரம்பருப்பு அளவில் இரண்டு உண்ணிகள், காது மடிப்புக்குள் இன்னும் நாலைந்து. பிளேட்லெட் 22 ஆயிரம்தான் இருந்தது, 2 லட்சமாவது இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல். பன்னிரண்டு நாள் முன்புதான் பொள்ளாச்சி தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கேம்பில் தங்கியிருக்கிறார்கள். உண்ணி அங்கேதான் ஏறியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கடித்த பிறகு காய்ச்சல் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும் என்பதால் கணக்கு பொருந்தியது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தோம், நாய் பிழைத்தது.

நாய் உண்ணி புல்லில் மட்டும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் இடுக்கிலோ பலகை இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். டென்ட்டுக்கு அடியில் போடும் மரப்பலகை மேடையைவிட அதற்கு வசதியான இடம் வேறு இல்லை. குஞ்சுகள் சாப்பாடு இல்லாமலே அடுத்த நாய்க்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு நாய் விட்டுச் சென்றதை ஒழிக்கப் பலகை இடுக்கெல்லாம் மருந்து அடிக்க வேண்டும், சில வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். அதற்கு ஆள் கூலி, மருந்துச் செலவு உண்டு. இந்தச் செலவுக்கு நாய் கொண்டுவருபவர் பங்கு கொடுப்பதுதான் முறை. நாய் இல்லாத குடும்பம் ஏன் கொடுக்க வேண்டும்?

குட்டிகளுக்கு ரத்தப் பேதி வரவைக்கும் பார்வோ இன்னும் மோசம். நோயுள்ள குட்டி ஒரு முறை பேதி போன மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சிமென்ட் தரையாக இருந்தால் மலத்தை அகற்றிக் கழுவி, ப்ளீச்சிங் கரைசல் ஊற்றலாம். புல்தரையை என்ன செய்வது? அதனால் பார்வோ விஷயத்தில் கட்டணத்தால் ஒரு பயனும் இல்லை. ஊசி போடாத குட்டியை உள்ளே விடாமல் இருப்பதுதான் வழி. எலிக்காய்ச்சலும் அப்படித்தான். நோயுள்ள நாயின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் விளையாடினால் அவர்களுக்கும் வரும். வெறிநோயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புத்தகத்தைப் பார்க்காமல் காசை மட்டும் வாங்கும் கேம்ப், பக்கத்து டென்ட்டில் தூங்கும் குழந்தையின் பாதுகாப்பை எண்ணூறு ரூபாய்க்கு விற்கிறது. கடுமையான வார்த்தைதான், தெரிந்தே எழுதுகிறேன்.

அப்புறம் காடு. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றின் உடலில், நாய்களுக்கு வரும் கேனைன் டிஸ்டெம்பர் நோயின் வைரஸ் இருந்தது உறுதியானது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களை வாரிக்கொண்டு போனதும் இதே நோய்தான். நம் ஆனைமலையிலும் முதுமலையிலும் இருக்கும் செந்நாய்க்கும் இது தொற்றும். நம் வீட்டு நாய்க்குப் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் 'நைன் இன் ஒன்' ஊசியில் டிஸ்டெம்பருக்கான தடுப்பும் அடக்கம். வருடம் தவறாமல் ஊசி போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காட்டிலிருந்து நம் நாய்க்கும் ஆபத்து வரும். வால்பாறைப் பக்கம் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. இரவில் நாயை டென்ட்டுக்கு வெளியே கட்டச் சொல்லும் கேம்ப் என்றால் எவ்வளவு குறைந்த கட்டணமாக இருந்தாலும் போகாதீர்கள். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முயலைப் பார்த்தால் நீங்கள் கூப்பிடுவது அதற்குக் காதில் விழாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயைக் கட்டும் கயிறு 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. இங்கேயும் கேம்ப் வாசலில் அப்படி எழுதி வைக்கலாம், செலவே இல்லை.

சரி, கட்டணம் எப்படி இருக்கலாம்? என் யோசனை, ராத்திரிக்கு இவ்வளவு என்று வாங்காமல் தங்கலுக்கு ஒரு முறை வாங்க வேண்டும். மூன்று நாள் தங்கினாலும் சுத்தம் செய்வது நாய் கிளம்பிய பிறகு ஒரு முறைதானே. கேம்பின் டென்ட்டும் மெத்தையும் என்றால் முடி எடுக்க, துவைக்க வேலை அதிகம். சொந்த டென்ட் கொண்டுவந்து வெறும் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுப்பவரிடம் அதே தொகையைக் கேட்பது சரியில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று பில்லில் எழுத வேண்டும். பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சட்டமே அதைத் தடுக்கிறது. இங்கே அப்படி வருபவர்கள் குறைவு, அதனாலேயே யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

நாய் வளர்ப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டணம் கொடுத்துவிட்டேன், மலத்தை அவர்கள் அள்ளட்டும் என்று இருக்காதீர்கள். நாலு கவரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் உண்ணி மருந்து கொடுத்துவிடுங்கள். வந்த அன்று விரல் இடுக்கு, காது மடிப்பு, வால் அடி எல்லாம் தடவிப் பாருங்கள், மூன்று வாரம் பசியையும் ஈறின் நிறத்தையும் கவனியுங்கள்.

அந்த அம்மாவிடம், கேம்பில் இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன். வரும் நாய்களின் தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்க்கிறீர்களா, உண்ணிக்குக் கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்? கேட்டிருக்கிறார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க, இனிமேப் பார்க்கறோம்" என்றாராம் அந்த கேம்ப்காரத் தம்பி.

மறுநாள் தன் நாயின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். புரட்டிப் பார்த்தால் 'நைன் இன் ஒன்' கெடு போன டிசம்பரிலேயே முடிந்திருந்தது. அன்றே ஊசி போட்டேன். பயணத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.