ஸ்ட்ரா பர்ச்சேஸ்: வைக்கோலா, பினாமியா?

டொராண்டோ துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ‘ஸ்ட்ரா பர்ச்சேஸ்’ என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் இதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் ‘சட்டவிரோதக் கொள்முதல்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வைக்கோல் கொள்முதல்’ என்று வரும், மாட்டுக்குத் தீனி வாங்குகிற சமாச்சாரம்.

பொருள் என்னவோ எளிதுதான். துப்பாக்கி வாங்கத் தகுதியில்லாத ஒருவர், அல்லது தன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறக்கூடாது என்று நினைக்கிற ஒருவர், தகுதியுள்ள வேறொருவரைக் கடைக்கு அனுப்பி அவர் பெயரில் வாங்க வைப்பது. கடை உரிமம் பெற்ற கடை, பில் உண்மையான பில், அடையாள அட்டையும் அசல், பின்னணிச் சோதனையிலும் ஆள் தேறிவிடுவார். அமெரிக்காவில் கடைக்காரர் நீட்டுகிற 4473 என்ற படிவத்தில், இதை உள்ளபடியே வாங்குவது நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு ‘ஆம்’ என்று குறி போடும்போதுதான் பொய் நுழைகிறது.

இதன் எல்லை எதுவரை என்று பார்க்க ஒரு வழக்கு போதும். வர்ஜீனியாவில் ஏப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், போலீஸுக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் தன் ‘அங்கிளு’க்கு (மாமாவோ சித்தப்பாவோ, ஆங்கிலத்துக்கு எல்லாம் ஒன்றுதான்) ஒரு கிளாக் 19 வாங்கிக் கொடுக்கிறார். அந்த உறவினர் 400 டாலருக்குக் காசோலை அனுப்புகிறார், எதற்கான பணம் என்று எழுதும் வரியில் ‘கிளாக் 19 கைத்துப்பாக்கி’ என்றே எழுதியும் விடுகிறார். இத்தனைக்கும் அவர் சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதியுள்ளவர்தான், குற்றப் பின்னணி எதுவும் கிடையாது. அப்படியும் 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், படிவத்தில் சொன்னது பொய்தான் என்று தண்டனையை உறுதி செய்தது. இத்தனைக்கும் அன்பளிப்பாக வாங்கிக் கொடுப்பதை அதே படிவம் அனுமதிக்கிறது. ஆக, காசு யாருடையது என்பதுதான் இங்கே கேள்வி.

சரி, வைக்கோல் எங்கிருந்து வந்தது? வைக்கோல் திணித்த பொம்மை ஆள்போலத் தெரியும், உள்ளே ஆள் இருக்காது. அதிலிருந்து ‘ஸ்ட்ரா மேன்’, பேருக்கு நிற்கிற ஆள். வெறும் பெயருக்கு ஜாமீன் நிற்கிறவர், இன்னொருவருக்காகச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்று இந்த வைக்கோல் ஆங்கில வழக்குமன்றப் பேச்சில் நெடுங்காலமாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து லண்டன் நீதிமன்றங்களின் வாசலில் பொய்ச்சாட்சி சொல்லக் காத்திருந்தவர்கள், நாங்கள் கூலிக்கு வருவோம் என்று காட்டச் செருப்பில் வைக்கோலைச் செருகிக்கொண்டு நின்றார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் நம்புகிற அளவுக்கு ஆதாரம் பலமாக இல்லை.

தமிழில் இதற்கு நான் பார்த்த மொழிபெயர்ப்புகளில் ‘ஆள்மாறாட்டக் கொள்முதல்’ ஒன்று. இது தவறு. ஆள்மாறாட்டம் என்றால் நான் அவன்தான் என்று நடிப்பது, கந்தசாமி பெயரில் முனுசாமி தேர்வெழுதுகிற மாதிரி. இங்கே கடைக்கு வருகிறவர் தன் சொந்தப் பெயர், சொந்த முகவரி, சொந்த அட்டையோடுதான் வருகிறார். யாருக்காக வாங்குகிறார் என்பதை மட்டும் மறைக்கிறார். ‘போலிக் கொள்முதல்’ என்றாலும் பொருந்தாது, ஏனென்றால் கொள்முதல் நடக்கத்தானே செய்கிறது?

நம்மிடம் ஏற்கெனவே கைவசம் இருக்கிற சொல் பினாமி. பாரசீக ‘பே’ (இல்லாத), ‘நாம்’ (பெயர்) இரண்டும் சேர்ந்தது, அதாவது பெயரில்லாதது. வேற்றுமொழிச் சொல் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம், ஆனால் துப்பாக்கி என்பதே துருக்கிய மூலத்திலிருந்து வந்ததுதான். இந்தியாவின் 1988-ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்கிறது: பத்திரத்தில் யார் பெயர், பணம் யாருடையது? மச்சான் பெயரில் நிலம், டிரைவர் பெயரில் கம்பெனி என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘பினாமிக் கொள்முதல்’ என்றதும் விளக்கமே தேவைப்படாது. தனித்தமிழில்தான் வேண்டும் என்றால் ‘இரவல்பெயர்க் கொள்முதல்’ எனலாம். கலைச்சொல் பட்டியலுக்கு அது சரி, செய்திக்குப் பினாமிதான் என் தேர்வு.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் நம் செய்திகளில் வரும் இன்னொரு சொல், ‘கள்ளத்துப்பாக்கி’. அதைக் கேட்டதும் யாரோ ஒளிவு மறைவாகப் பட்டறையில் செய்த சாமான் என்ற நினைப்பு வந்துவிடும். ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று நம்மூர் போலீஸ் பிடிப்பதற்கு அது பொருந்தும். டொராண்டோவிலும் சிகாகோவிலும் குற்றங்களில் பிடிபடுபவை பெரும்பாலும் தொழிற்சாலையில் வரிசை எண் பொறித்து, உரிமமுள்ள கடையில் முதல் தடவை முறையாக விற்கப்பட்டவை. கள்ளத்தனம் அதற்கப்புறம் ஒட்டிக்கொள்கிறது. பினாமி வாங்குவது ஒரு வழி, கடையிலோ வீட்டிலோ திருடுவது இன்னொரு வழி, கடைக்காரரே கணக்கில் இல்லாமல் விற்பது மூன்றாவது.

இந்த மூன்றும் ஒரே அளவில் நடப்பதில்லை. அமெரிக்காவின் ஏடிஎஃப் (மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் விவகாரங்களைக் கவனிக்கிற துறை) 2000-ல் வெளியிட்ட அறிக்கையில், 1996 ஜூலை முதல் 1998 டிசம்பர் வரை நடத்திய 1,530 கடத்தல் விசாரணைகளில் 46 விழுக்காட்டில் பினாமி ஆட்கள் இருந்தார்கள். கணக்கில் இல்லாமல் விற்ற கடைக்காரர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவான விசாரணைகளில்தான் வந்தார்கள், ஆனால் அந்த விசாரணைகளில் வந்த மொத்தத் துப்பாக்கிகளில் கிட்டத்தட்ட பாதி அவர்கள் வழியாகப் போயிருந்தது.

இப்போது டொராண்டோவுக்கு வருவோம். 2018 ஜூலை 22 இரவு டான்ஃபோர்த் சாலையில் ஒருவன் சுட்டதில் ஒரு சிறுமியும் ஓர் இளம்பெண்ணும் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். நகருக்குள் கைத்துப்பாக்கி விற்பனையைத் தடை செய்யுங்கள் என்று மாநகர மன்றம் அந்த வாரமே ஒட்டாவாவை, அதாவது கனடாவின் ஒன்றிய அரசைக் கேட்டது. தடையை எதிர்ப்பவர்களிடமிருந்து உடனே பதில் வந்தது: துப்பாக்கியெல்லாம் அமெரிக்காவிலிருந்து வருகிறது, இங்கே உரிமம் வைத்திருப்பவனைத் தடுத்து என்ன பயன்? டான்ஃபோர்த் துப்பாக்கி விஷயத்தில் இந்த வாதம் பாதிதான் சரி. அமெரிக்காவிலிருந்து முறைப்படி கனடாவுக்கு வந்த அந்தத் துப்பாக்கி, 2015-ல் சஸ்காச்சுவான் மாகாணத்துக் கடையொன்றில் திருடுபோனது. உரிமம் வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேல் கைத்துப்பாக்கிகளை வாங்கிக் குற்றக் கும்பல்களிடம் விற்ற பினாமி ஆளும் டொராண்டோ பகுதியில் பிடிபட்டிருக்கிறார்.

ஆனாலும் எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மூலம் கண்டுபிடிக்க முடிந்த குற்றக் கைத்துப்பாக்கிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் எல்லைக்கு அந்தப்பக்கம் விற்றவை என்று அண்மை ஆண்டுகளில் டொராண்டோ போலீஸ் சொல்லி வருகிறது. ‘மூலம் கண்டுபிடிக்க முடிந்த’ என்ற அடைமொழியை இரண்டு தரப்புமே விழுங்கிவிடுவார்கள், கவனியுங்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சுரண்டிவிட்டால் மூலம் தெரியாது, அது கணக்கிலேயே வராது.

2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் கைமாற்றவும் முடியாது, ஒலிம்பிக் பயிற்சியாளர்கள் போன்ற சில விலக்குகள் தவிர. 2023 டிசம்பரில் அது சட்டமாகவும் ஆனது. உள்நாட்டுப் பினாமியின் கதவை இது அடைக்கிறது. ஆனால் அமெரிக்காவின் ஒகையோவிலோ ஜார்ஜியாவிலோ கடைக்குப் போய் 4473-ல் குறி போடுகிறவரை ஒட்டாவா எப்படித் தடுக்கும்? அதே 2022-ல், ஏப்ரல் மாதக் கடைசியில், ஒன்டாரியோவின் போர்ட் லாம்ப்டன் என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு வீட்டு மரத்தில் டிரோன் ஒன்று சிக்கிக்கொண்டு தொங்கியது. அதன் கீழே கட்டியிருந்த பையில் 11 கைத்துப்பாக்கிகள். ஆற்றுக்கு அந்தக்கரை அமெரிக்காவின் மிச்சிகன்.

எனக்குத் தடை தேவையில்லாதது என்று தோன்றவில்லை, போதாதது என்றுதான் தோன்றுகிறது. அமெரிக்காவிலேயே 2022 ஜூன் வரை பினாமிக் கொள்முதலுக்கென்று தனிக் குற்றப்பிரிவு ஒன்றிய சட்டத்தில் இல்லை, படிவத்தில் பொய் சொன்னதாகத்தான் வழக்குப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் சிகாகோவில் ஒரு பெண் காவலரைக் கொன்ற துப்பாக்கியை இந்தியானா மாநிலத்தில் வாங்கிக் கொடுத்த ஆளுக்குக் கிடைத்தது இரண்டரை ஆண்டுச் சிறை. இப்போது தனிப்பிரிவு வந்துவிட்டது, 15 ஆண்டுவரை தண்டனை, கடுங்குற்றத்துக்கென்று தெரிந்தே வாங்கிக் கொடுத்தால் 25 வரை.

ஆகவே இனிமேல் எழுதும்போது பட்டறையில் செய்தால் நாட்டுத் துப்பாக்கி, எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் கடத்தல் துப்பாக்கி, வேறொருவருக்காகக் கடையில் தன் பெயரில் வாங்கினால் பினாமிக் கொள்முதல். ஒரே துப்பாக்கிக்குக் கடைசி இரண்டும் பொருந்தும், அப்போது இரண்டையும் எழுதுங்கள்: ‘ஒகையோவில் பினாமி பெயரில் வாங்கி, டொராண்டோவுக்குக் கடத்திய கைத்துப்பாக்கி.’