ஜூனோசிஸ்: விலங்குவழித் தொற்று

எபோலா, நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் 'ஜூனோசிஸ்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய் என்று பொருள். நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வெறிநாய்க்கடி.

கிரேக்க மொழியில் 'ஸோவோன்' என்றால் விலங்கு, 'நோசோஸ்' என்றால் நோய். இரண்டையும் சேர்த்து 19ஆம் நூற்றாண்டில் இச்சொல்லை உருவாக்கியவர் ருடால்ஃப் விர்க்கோ என்ற ஜெர்மானிய மருத்துவர். பன்றி இறைச்சி வழியாக மனித உடலுக்குள் போகும் புழுவை ஆராய்ந்தவர் அவர்.

தமிழில் இதை 'விலங்கியல் நோய்' என்று எழுதுகிறார்கள். விலங்கியல் என்பது ஒரு படிப்பின் பெயர், அது இங்கே பொருந்தாது. 'விலங்கு நோய்' என்றால் மாட்டுக்கு வரும் கோமாரியும் அதில் அடங்கிவிடும். 'விலங்குவழித் தொற்று' என்பதே சரி. 'தொற்று' நல்ல சொல். ஓடும் பஸ்ஸில் ஒருவர் தொற்றிக்கொள்வதுபோல, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலைப் பற்றிக்கொள்வது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

அந்தப் பற்றுதல் எப்படி நடக்கிறது என்பதை ஆப்பிரிக்கக் காடுகளில் தெளிவாகப் பார்க்கலாம். 1996இல் கபோன் நாட்டின் மயிபூட் கிராமத்தார், காட்டில் செத்துக் கிடந்த ஒரு சிம்பன்சியை எடுத்துவந்தார்கள். அதைத் தோலுரித்து, வெட்டிக் கூறுபோட்டவர்கள்தான் முதலில் காய்ச்சலில் விழுந்தார்கள். எபோலா. 21 பேர் இறந்தார்கள். நன்றாக வெந்த கறியில் வைரஸ் பிழைக்காது; ஆபத்து பச்சை ரத்தம் பட்ட கைகளில் இருந்தது. எய்ட்ஸின் மூலமும் இதே போன்றதுதான். தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்சிகளிடம் இருந்த ஒரு வைரஸ், வேட்டையின்போது ரத்தம் வழியாக மனிதருக்குத் தாவியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இதைப் படித்துவிட்டுக் குரங்குகளைக் குற்றவாளியாக்குவது பெரிய அநியாயம். எபோலா அவற்றையும் கொத்துக்கொத்தாகக் கொல்கிறது. காங்கோ குடியரசின் லோசி பகுதியில் 2002, 2003இல் சுமார் 5,000 கொரில்லாக்கள் அதற்குப் பலியானதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அப்புறம், தொற்று எதிர்த்திசையிலும் போகிறது. 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் இருமல் பரவி ஐந்து இறந்தன. இரண்டு வயதுக் குட்டி ஒன்றின் உடலைச் சோதித்தபோது கிடைத்தது ரைனோவைரஸ் சி. மனிதக் குழந்தைகளுக்குச் சளி பிடிக்கவைக்கும் வைரஸ்! அது செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில், எளிதில் இடம்கொடுக்கும் வகையே சிம்பன்சிகளிடம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோரிடம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் வகை உண்டு.

இந்த எதிர்த்திசையையும் 'ஜூனோசிஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கும் வழக்கம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1959இல் தந்த வரையறையே, விலங்குகளுக்கும் மனிதருக்கும் 'இடையே' பரவுபவை என்றுதான் சொல்கிறது. ஆனால் தமிழில் 'வழி' என்று சேர்த்தவுடன் திசை வந்துவிடுகிறது. அதனால் மனிதரிடமிருந்து விலங்குக்குப் போவதை 'மனிதவழித் தொற்று' என்று தனியாகச் சொல்வதே நல்லது. மயிபூட்டில் நடந்தது விலங்குவழித் தொற்று, கிபாலேயில் நடந்தது மனிதவழித் தொற்று. கொரில்லா பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகளிடம் முகக்கவசம் போடு, தள்ளி நில், சளி இருந்தால் வராதே என்று சொல்வது இந்த இரண்டாவதைத் தடுக்கத்தான்.