கோடு காட்டுவது குற்றவாளியை அல்ல

ஸ்கேனரில் ஆக்ஸிஜன் சென்சார் பெயர் வந்தவுடன் புதுசு வாங்கி மாட்டிவிட்டு, மறுவாரமே அதே என்ஜின் லைட்டோடு வந்து நிற்கும் வண்டிகள் ஏராளம். எந்த அளவீடு எல்லை தாண்டியது என்பதை மட்டும்தான் கோடு (ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு) சொல்லும். ஏன் தாண்டியது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். லைட் நிலையாக எரிந்து, ஆயில் லைட்டும் டெம்பரேச்சரும் சரியாக இருந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம்.

டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டியதும் அழிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். கோடு விழுந்த நொடியின் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, லோடு எல்லாம் ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ பதிவில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் பி0171-ஐப் பார்ப்போம். பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்பது அதன் பொருள். ஃப்யூல் ட்ரிம்மை (ஈசியு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலிலும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலை) 2500 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். ஐடிலில் +20 சதவீதம் காட்டி, ஆர்பிஎம் ஏற்றினால் +5-க்கு இறங்கினால், எங்கோ திருட்டுக் காற்று, அதாவது சென்சார் அளக்காத காற்று, நுழைகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் சிறு கசிவும் பெரிய பங்காகிவிடும். வெடித்த பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்), காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் இரண்டையும் முதலில் பாருங்கள். மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூல் பிரஷரை அளக்க வேண்டும், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. அதை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், துணியால் துடைத்தால் உள்ளே இருக்கும் கம்பி போய்விடும். (ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கசிவு பெரும்பாலும் ஐடில் ஆர்பிஎம்மைத்தான் தூக்கும்.)

பி0118 வந்து, கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. சென்சார் பிளக்கைக் கழற்றி, வயரிங் பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ரீடிங் உச்சத்துக்குத் தாவினால் வயரிங்கும் ஈசியுவும் நலம். சென்சாரையோ அதன் பிளக் பின்னையோதான் சந்தேகிக்க வேண்டும். தாவாவிட்டால் புது சென்சார் வீண் செலவு. இரண்டு வயர் சென்சாருக்கு மட்டுமே இந்தச் சோதனை. மூன்று வயர் சென்சாரில் செய்தால் 5 வோல்ட் லைன் ஷார்ட் ஆகும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் சேர்ந்து வந்தால் சென்சார் பக்கமே போகாதீர்கள். பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.