கிராக், கிராக்கிள், நாய்ஸ்: ஒலியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் என்ன?

ஆங்கிலம்–தமிழ் அகராதி ஏதாவது ஒன்றைத் திறந்து ராட்டில், ரம்பிள், ரஸில், கிளாட்டர், கிரீக் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் எல்லாவற்றின் வாலிலும் ஒரு 'சத்தம்' தொங்கும். கடகடவென்ற சத்தம், சரசரவென்ற சத்தம், கிறீச்சென்ற சத்தம். பொருளில் தப்பில்லை, ஆனால் அதை அப்படியே வாக்கியத்தில் போட்டால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்லைத் தேடினால் இப்படித்தான் ஆகும். தமிழில் ஒலிகள் பெரும்பாலும் வினையாகவோ 'என்று' சேர்த்த குறிப்பாகவோதான் வரும். 'கதவு கிறீச்சிட்டது', அவ்வளவுதான். அதில் சத்தம் என்ற சொல்லே வேண்டாம்.

முதலில் இந்த வகைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைப் பார்த்துவிடலாம். ஆனமேட்டோபியா. எழுத்துக்கூட்டவே ஒரு பயிற்சி வேண்டும். கிரேக்கத்தில் 'ஓனோமா' என்றால் பெயர், 'பொயீன்' என்றால் செய்தல், ஆக 'பெயர் செய்தல்'. கேட்ட ஒலியையே பெயராக்குவது. இதற்கு நேர் தமிழ் இரட்டைக்கிளவி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா' என்று தொல்காப்பியம் சொல்வது சொல்லின் வடிவத்தைப் பற்றி: இரட்டையாகவே வரும், பிரித்தால் பொருள் தராது. அது ஒலியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பளபள என்பது கண்ணுக்கு, குறுகுறு என்பது மனசுக்கு, வழவழ என்பது கைக்கு. அதே நேரம் தொப், கணீர், படார் எல்லாம் அசல் ஒலிகள், ஆனால் இரட்டை இல்லை. அதனால் ஆனமேட்டோபியாவுக்கு ஒலிக்குறிப்புச் சொல் என்பதே பொருந்தும். இரண்டும் ஒன்றையொன்று தொடும், ஆனால் ஒன்றல்ல.

அப்புறம் அந்த 'என்று'. அதுதான் தமிழில் ஒலியை வாக்கியத்துக்குள் கொண்டுவரும் கொக்கி. 'என' என்ற இடைச்சொல் வரும் இடங்களைப் பட்டியலிடும்போது தொல்காப்பியம் இசையையும் ஒன்றாகச் சொல்கிறது; 'ஒல்லென ஒலித்தது' என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். இன்றைக்கு நாம் 'தொப்பென்று விழுந்தான்' என்று சொல்வதும் அதே அச்சுதான்.

இனி சுவாரசியமான இடம். ஆங்கிலத்தில் கிராக் என்றால் ஒரே ஒரு முறை வெடிப்பது, கிராக்கிள் என்றால் சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே இருப்பது. கடைசியில் ஒட்டிய அந்த 'இள்' என்ற விகுதிக்கு வேலையே 'மறுபடி மறுபடி' என்று சொல்வதுதான். டிங்கிள், ராட்டில், ரம்பிள் எல்லாவற்றிலும் அந்த வால் இருப்பதைக் கவனியுங்கள். தமிழ் இதே வேலையை இரட்டித்துச் செய்கிறது. சுள்ளி ஒன்று முறிந்தால் சடக்கென்று முறிகிறது. நெருப்பில் போட்டால் சடசடவென்று வெடிக்கிறது. மணியில் ஒரு தட்டு தட்டினால் கிண்ணென்று கேட்கும், தொடர்ந்து ஆடினால் கிணுகிணுவென்று கேட்கும். திடீரென்று பெரிதாகக் கேட்பதற்கு 'ஆர்', 'ஈர்' என்று தனி வால்கள் வேறு நம்மிடம் உண்டு: படார், சடார், கணீர், தொபீர். ஆகவே பேங் என்று வந்தால் படார் அல்லது டமார், கிளாங் என்று வந்தால் கணீர், ஸ்பிளாஷ் என்று வந்தால் தொபீர் அல்லது சளப். கிராக்கிள், ராட்டில் என்று வந்தால் இரட்டைக்குப் போங்கள். இதற்குத் தனியாகக் கலைச்சொல் உருவாக்க உட்கார வேண்டியதே இல்லை. ஒலி ஒரு முறை கேட்டதா, தொடர்ந்து கேட்டதா என்று மட்டும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாச் சொல்லும் இப்படிப் போலச்செய்து பிறந்ததில்லை. நாய்ஸ் என்ற சொல்லுக்குள் ஒலியே கிடையாது, ஒரு குமட்டல்தான் இருக்கிறது. பல அகராதிகள் தரும் வரலாறு இது: கிரேக்கத்தில் 'நவ்ஸ்' என்றால் கப்பல் (வடமொழி 'நௌகா'வும் அதே வேர்), அதிலிருந்து கடல் பயணத்தில் வரும் குமட்டலுக்கு ஒரு சொல், அது லத்தீனில் நாசியா, அங்கிருந்து பழைய பிரெஞ்சில் நாய்ஸ் ஆகும்போது பொருள் சச்சரவு, அமளி என்று மாறிவிட்டது. பிரெஞ்சில் இன்றைக்கும் வம்புக்கு இழுப்பதைச் சொல்லும் ஒரு மரபுத்தொடரில் மட்டும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்தத்துக்கு அவர்கள் 'புருயி' என்கிறார்கள்.

நாய்ஸுக்குத் தமிழ் சத்தம் இல்லை, இரைச்சல். சத்தம் வடமொழி சப்தத்திலிருந்து வந்து எல்லா ஒலிக்கும் பொதுவாகிவிட்டது. இரைச்சலில்தான் 'வேண்டாதது' என்ற குறிப்பு இருக்கிறது. இதன் வேர் 'இரை' என்ற வினை. கடல் இரையும், வயிறு இரையும், மூச்சு இரைக்கும் (வீஸிங் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதற்கு இரைப்பு என்ற சொல் இங்கிருந்து வந்ததுதான்). மின்னணுவியலில் சிக்னலோடு கலந்து வருவதையும், வெளிச்சம் பற்றாத ஒளிப்படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதையும்கூட இரைச்சல் என்றே சொல்லலாம், உறுத்தாது. 'படத்தில் சத்தம் அதிகம்' என்று எழுதினால் சிரித்துவிடுவார்கள். மக்கள் கூட்டம் எழுப்பும் ஒலிக்குப் பழந்தமிழில் தனிப் பட்டியலே உண்டு: 'கம்பலை சும்மை கலியே அழுங்கல்' என்ற நான்கும் அரவம், அதாவது ஒலி, என்ற பொருள் தரும் என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நான்கில் ஒன்றைக்கூட இன்று நாம் அந்தப் பொருளில் சொல்வதில்லை. ஆரவாரம் மட்டும் செய்தித்தாள் புண்ணியத்தில் பிழைத்துக் கிடக்கிறது.

சவுண்ட் லத்தீன் 'சோனுஸ்' வழி வந்தது; ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதில் கடைசி 'ட்' கிடையாது, நாக்கு பின்னால் சேர்த்துக்கொண்டது. இடியைக் குறிக்கும் தண்டர் என்ற சொல்லின் நடுவிலும் இதே கதைதான். லவுட் என்பதன் வேர் 'கேட்பது' என்ற பொருளுள்ளது, நம் பாட்டுக்கச்சேரிச் சுருதிக்கும் அதே வேர். ஆங்கிலத்துக்கு அது உரக்கக் கேட்பது, வடமொழிக்குக் காதால் கேட்டு வந்தது. லவுடுக்கு 'உரத்த' என்றே எழுதுங்கள், 'சத்தமான' வேண்டாம்.

பஸ் என்று எழுதினால் பேருந்து ஆகிவிடும் அபாயம் இருக்கும் அந்தத் தேனீச் சொல்லுக்கு ரீங்காரம் என்று சொல்லிவிடுகிறோம். ஓங்காரம், ஹூங்காரம் மாதிரி, 'காரம்' என்றால் செய்தல். தமிழ் வினை வேண்டுமென்றால் முரலுதல்: வண்டு முரலும். யானை பிளிறும், மயில் அகவும், குதிரை கனைக்கும், காகம் கரையும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை இருக்கும்போது எல்லாமே 'கத்தும்' என்று எழுதுவது கொஞ்சம் சோம்பேறித்தனம்தான், நானும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறேன் என்றாலும்.

கணினிக்கு வந்தால், கிளிக்குக்குச் சொடுக்கு என்று வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். விரலால் செய்வது, 'டக்'கென்று கேட்பது, வினையாகவும் ஆகும்: சொடுக்கவும். ட்வீட்டுக்குக் கீச்சு என்றதும் அதே அளவுக்குச் சரி. திருப்பாவையின் 7ஆம் பாசுரம் 'கீசுகீசென்று எங்கும் ஆனைச்சாத்தன்' என்றுதான் தொடங்குகிறது; ஆனைச்சாத்தன் ஒரு பறவை. அதே பாட்டில் காசும் பிறப்பும் (ஆய்ச்சியர் கழுத்தணிகள்) கலகலக்கின்றன, பேச்சரவம், தயிரரவம் என்று இரண்டு அரவங்கள் வேறு. ட்விட்டர் தளம் 2023இல் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்ட பிறகும் கீச்சு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிங் மட்டும் கொஞ்சம் படுத்தும். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவி அனுப்பும் ஒலித் துடிப்புக்கு அந்தப் பெயர். அது போய் எதிலாவது மோதித் திரும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது. 1983இல் மைக் மூஸ் என்பவர் இணையத்தில் இன்னொரு கணினி விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதி, அதற்கு இந்தச் சோனார் ஒலியின் பெயரையே வைத்தார். அங்கிருந்துதான் அலுவலகப் பேச்சுக்கு 'எனக்கு பிங் பண்ணுங்க' வந்தது. நிரலின் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பிங் என்றே இருக்கட்டும். பேச்சில் வரும் பிங்குக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டாம்: முடிந்ததும் ஒரு குரல் கொடுங்க.