மொய் நோட்டும் ஃபோன் பூட்டும்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்டேட் நின்றுபோன அவருடைய பழைய ஃபோனில் தம்பி, ஆண்ட்ராய்டிலிருந்து மாற்றி எழுதிய இயங்குதளமான லினியேஜ் ஓஎஸ் ஏற்றிக் கொடுத்தாராம். ஃபோன் புதுசு மாதிரி ஓடுகிறது. வங்கி ஆப்பைத் திறந்தால் மட்டும், சாதனம் பாதுகாப்பற்றது என்று சொல்லி மூடிக்கொள்கிறது. "நான் யார்கிட்டயும் சொல்லலியே சார், அதுக்கு எப்படித் தெரிஞ்சது?"

புதுச்சேரியில் என் மேசை மேலும் அப்படி ஒரு ஃபோன் கிடக்கிறது. பாட்டு கேட்கவும் பேருந்து நிலையத்துக்கு வழி பார்க்கவும் ஆகிறது; பணம் அனுப்ப ஆகாது.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்த மூலம், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரிந்த கதைதான். சயனோஜென்மாட் 2016 இறுதியில் மூடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்தது லினியேஜ். பாதுகாப்பையே குறியாகக் கொண்டது கிராஃபீன் ஓஎஸ். ஆண்ட்ராய்டே வேண்டாம் என்றால் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் இருக்கிறது. 2017-இல் கனோனிக்கல் நிறுவனம் கைவிட்ட உபுண்டு டச் என்ற ஓஎஸ்ஸை யுபிபோர்ட்ஸ் குழுவினர் இன்னும் வளர்த்துவருகிறார்கள். மாற்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஃபோன் அவற்றை உள்ளே விட வேண்டுமே!

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது சிப்பிலேயே பொறித்த ஒரு குட்டி நிரல். அதை யாரும் மாற்ற முடியாது. தயாரிப்பாளரின் மின்னணுச் சாவிக்கான அடையாளமும் சிப்புக்குள் ஃபியூஸ்களை எரித்து நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கும். அந்தச் சாவியின் கையொப்பம் இருந்தால்தான் ஓஎஸ்ஸை எழுப்பும் நிரலான பூட்லோடர் ஓடும். பூட்லோடர் அடுத்து ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னலைச் சோதிக்கும். இதுவரை எல்லாம் சின்னக் கோப்புகள். அப்புறம் வருகிற சிஸ்டம் பகுதியோ சில ஜிபி. ஒவ்வொரு தடவையும் அதை முழுக்கப் படித்துச் சோதித்தால் ஃபோன் எழுவதற்குள் டீ ஆறிவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்யாண மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை. அந்தத் தொகைகளையெல்லாம் ஒரு தனித் தாளில் வரிசையாக எழுதி, அடியில் ஒரு மொத்தம். அந்த மொத்தத்தை மட்டும் மாமா துண்டுச்சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். பிறகு 37-ஆம் பக்கத்தில் யாராவது 501-ஐ 101 ஆக்கினால், அந்தப் பக்கத்தையும் தனித் தாளையும் கூட்டிப் பார்த்தாலே போதும். நோட்டு முழுவதையும் புரட்ட வேண்டாம்.

கூட்டலில் ஒரு ஓட்டை உண்டு. அதே பக்கத்தில் வேறொருவர் பெயரில் 400 ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அதனால் கூட்டலுக்குப் பதிலாக ஹாஷ். எவ்வளவு பெரிய தகவலைக் கொடுத்தாலும் அது 32 பைட்டில் ஒரு எண்ணைத் தரும். தகவலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறையப் பாதி பிட்டுகள் புரண்டுவிடும். இங்கே குறைத்து அங்கே ஏற்றுகிற கைவரிசை செல்லாது.

ஆண்ட்ராய்டு 4.4-இல் வந்த டிஎம்-வெரிட்டி இதைத்தான் செய்கிறது. 4 ஜிபி சிஸ்டத்தை 4 கேபி துண்டுகளாக வெட்டினால் 10,48,576 துண்டுகள். ஒரு 4 கேபி பக்கத்தில் 128 ஹாஷ்களை எழுதலாம் என்பதால், எல்லாத் துண்டுகளின் ஹாஷ்களுக்கும் 8,192 பக்கங்கள் போதும். அந்தப் பக்கங்களுக்கு மறுபடி ஹாஷ் எடுத்தால் 64 பக்கங்கள். அந்த 64-க்கு எடுத்தால் ஒரே பக்கம். அதற்கும் ஹாஷ் எடுத்தால் மிஞ்சுவது 32 பைட், மாமாவின் துண்டுச்சீட்டு! தயாரிப்பாளரின் கையொப்பம் இந்தச் சீட்டைக் காக்கிறது. சீட்டு 4 ஜிபியையும் காக்கிறது. ஏதோ ஒரு துண்டு தேவைப்படும்போது அதற்கு மேலே உள்ள மூன்று பக்கங்களைச் சரிபார்த்தால் முடிந்தது. இத்தனைக்கும் செலவாகும் இடம் சுமார் 32 எம்பி. கணினி விஞ்ஞானி ரால்ஃப் மெர்க்கில் 1979-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, வாசகியின் கேள்வி. லினியேஜ் ஏற்றத் தம்பி பூட்லோடரைத் திறந்திருப்பார். திறந்தால் கையொப்பச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் தான் திறந்திருப்பதை, ஓஎஸ் எழுவதற்கு முன்பே, சிப்புக்குள் தனியாக இருக்கும் பாதுகாப்பு மூலையிடம் பூட்லோடர் சொல்லிவிடும். வங்கி ஆப் விசாரிக்கும்போது அந்த மூலை தன் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு உள்ளதைச் சொல்லும். அதைப் பார்த்து கூகுளின் சர்வர் தீர்ப்பளிக்கும். லினியேஜ் கண் விழிக்கும் முன்பே கோள் சொல்லியாகிவிட்டது.

பூட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். திருடன் உங்கள் ஃபோனில் வேறு ஓஎஸ் ஏற்றி விவரங்களைப் படிக்க முடியாமல் இருப்பது அதனால்தான். பூட்லோடரைத் திறக்கும்போது எல்லாம் அழிந்துபோவதும் அதற்காகத்தான். ஆனால் அதே பூட்டில் வேறு சாவியையும் போடலாம். கூகுளின் பிக்சல் ஃபோன்களில் கிராஃபீன் ஓஎஸ்ஸின் சாவியைப் பதித்து மறுபடி பூட்ட முடிகிறது. சோதனை முழுசாக நடக்கிறது. அப்படியும் பல ஆப்கள் ஏற்பதில்லை, கூகுளின் சான்றிதழ்தான் வேண்டும் என்கின்றன. இதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆப் போடுவதிலும் பிடி இறுகுகிறது. கூகுளிடம் பதிவு செய்துகொள்ளாத டெவலப்பர்களின் ஆப்களுக்குக் கட்டுப்பாடு வரும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது.

நம் ஊரிலோ 2023-இல் சென்னை ஐஐடி வளாகத்திலிருந்து பார்ஓஎஸ் என்ற ஃபோன் ஓஎஸ் வந்தபோது 'சுதேசி' என்று கொண்டாடினோம். அதன் அடித்தளமும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலம்தான். புதுப் பெயர் சூட்டச் செலவாகும் காசில் பழைய ஃபோன்களின் டிரைவர்களை, அதாவது கேமரா போன்ற பாகங்களை ஓஎஸ்ஸோடு பேசவைக்கும் நிரல்களைப் பராமரிக்க நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஆயுத பூஜைக்கு ஃபோனுக்குச் சந்தனம் வைக்கிறோம், அப்டேட் நின்றதும் தூக்கிப் போடுகிறோம்.

வாசகிக்கு: வங்கி வேலையை வேறு ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பழைய பிக்சல் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே இணையத்தில் இணைத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற வரியைத் தட்டிப் பாருங்கள். அது மங்கிக் கிடந்தால் பூட்லோடரைத் திறக்க முடியாது, காசை எடுக்காதீர்கள்.