என்.பி.ஐ.: குடலுக்குள் அடிக்கும் நீலப்பச்சை வெளிச்சத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

சென்னையில் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா உள்ள குழாயை விட்டுப் பார்க்கும் சோதனை) முடிந்து ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள், அதில் 'என்.பி.ஐ.' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு "இது தனி ஸ்கேனா, எப்போ எடுத்தாங்க?" என்று கேட்கிறார்கள். தனி ஸ்கேன் இல்லை. குழாய் உள்ளே இருக்கும்போதே டாக்டர் அதன் கைப்பிடியிலுள்ள ஒரு பட்டனை அழுத்துவார், திரையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த குடல் நிறம் மாறும், அவ்வளவுதான்.

விரித்துச் சொன்னால் நேரோ பேண்ட் இமேஜிங். இதில் குறுகுவது படம் இல்லை, ஒளி. வெள்ளை ஒளியிலிருந்து 415 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தையும் 540-ஐ ஒட்டிய பச்சையையும் மட்டும் பிரித்து உள்ளே பாய்ச்சுகிறார்கள், ஏனென்றால் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சும். நீலம் குடலின் உள்சவ்வின் மேலோடு நின்றுவிடுவதால் அங்கிருக்கும் நுண் ரத்தக்குழாய்கள் பழுப்பாகத் தெரியும். பச்சை இன்னும் கொஞ்சம் ஆழம் போவதால் அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் நீலப்பச்சையாகத் தெரியும். குடல் சவ்வில் வளரும் சதைகளில், பிற்பாடு புற்றாக மாறக்கூடிய அடினோமா என்ற வகையில் இந்த நுண்குழாய்கள் நெருக்கமாக இருக்கும், அதனால் அது சுற்றியுள்ள இடத்தைவிடப் பழுப்பாகத் துருத்திக் காட்டும். ஜப்பானில் உருவான முறை இது. இதற்கு முன்பு சாயம் தெளித்துத்தான் பார்த்தார்கள். அவுரி நீலத்தின் வழிவந்த இண்டிகோ கார்மைன் இன்றும் அப்படிப் பயன்படுகிறது.

சரி, தமிழில்? 'குறும்பட்டைப் படிமமாக்கல்' என்று எழுதலாம், 'அகலப்பட்டை' என்று பிராட்பேண்டுக்கு ஏற்கெனவே வழங்குவதால் முதல் பாதி புரிந்துவிடும். ஆனால் ஒளி என்ற சொல்லே இல்லாமல் போவது பெரிய குறை. கொலோனோஸ்கோபியில் வரும் 'ஸ்கோபி' நோக்குதல் என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது, அதைத்தான் 'பெருங்குடல் அகநோக்கு' என்கிறோம். அதோடு ஒட்டிவர 'குறும்பட்டை ஒளிநோக்கு' என்பதே என் தேர்வு.

அப்புறம் அந்தச் சதைக்கு ரிப்போர்ட்டில் வரும் பெயர், 'பாலிப்'. கிரேக்கத்தில் பல கால் உடையது என்று அர்த்தம், ஆக்டோபஸுக்கு இருந்த பெயர். மூக்கினுள் வளரும் சதைக்கு அதைப் பண்டைய கிரேக்க மருத்துவர்களே வைத்துவிட்டார்கள். நாமும் மூக்கில் வந்தால் 'சதை வளர்ந்திருக்கு' என்கிறோம், குடலுக்கும் 'சதை வளர்ச்சி' என்பதே போதும். 'தொங்குதசை' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். பல பாலிப்கள் தொங்குவதே இல்லை. சவ்வோடு சவ்வாகத் தட்டையாகப் படிந்திருப்பவைதான் எளிதில் கண்ணுக்குத் தப்புபவை, அவற்றை அந்தப் பெயர் விட்டுவிடுகிறது. ரிப்போர்ட்டில் வரும் 'செசைல்' என்பதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம், தாவரவியல் பாடத்தில் இலைக்கும் பூவுக்கும் படித்த 'காம்பற்ற' அப்படியே பொருந்தும். 'பெடங்குலேட்டட்' என்றால் காம்புடையது.

இன்னொன்று, இந்த ஒளியில் குடலில் மிச்சமிருக்கும் மலமும் பித்தநீரும் சிவப்பாகத் தெரிந்து பார்வையை மறைக்கும். முந்தைய நாள் கொடுக்கும் பேதி மருந்தைப் பாதியில் நிறுத்தினால் எவ்வளவு நல்ல கருவியும் உதவாது. நிறத்தையும் குழாய்களின் அமைப்பையும் வைத்து டாக்டர் பாலிப் எந்த வகை என்று அனுமானிப்பார், பெரும்பாலும் அங்கேயே வெட்டியும் எடுத்துவிடுவார், ஆனால் இன்ன வகை என்று உறுதியாகச் சொல்வது எடுத்த துண்டின் பயாப்சி முடிவுதான்.